பரிசுச்சீட்டும் சூதாட்ட அடிமைத்தனமும்

சூதாட்ட அடிமைத்தனம் என்பது பணம், வேலை, குடும்பம் ஆகியவற்றுக்குக் கேடு நேர்வதை அறிந்திருந்தும் ஒருவர் சூதாட்டத்தை நிறுத்த இயலாமல் தொடரும் நிலை ஆகும். இது ஒழுக்கக் குறைவோ அறிவின்மையோ அன்று. மருத்துவம் ஏற்றுக்கொண்ட ஓர் உளநோய் ஆகும். குதிரைப் பந்தயம், சீட்டாட்டம், இணைய விளையாட்டு போன்றவற்றைப் போலவே பரிசுச்சீட்டும் (லாட்டரி) இந்நிலைக்கு இட்டுச் செல்லக்கூடும். இக்கட்டுரை தமிழ்நாட்டில், குறிப்பாக ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவற்றை உள்ளடக்கிய வடசென்னைத் தொழிற்பகுதியின் வாழ்க்கைச் சூழலில், இச்சிக்கலை விளக்குகிறது.

சொற்குழப்பம்

தமிழில் "சீட்டு" என்னும் சொல் மூன்று பொருள்களில் வழங்குகிறது. மாதந்தோறும் பணம் கட்டி முறைவைத்து எடுக்கும் ஏலச்சீட்டு ஒரு சேமிப்பு முறை ஆகும். அது 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ் வருகிறது. சீட்டாட்டம் என்பது சீட்டுக்கட்டைக் கொண்டு ஆடுவது. பரிசுச்சீட்டு என்பது குலுக்கல் முறையில் பரிசு வழங்குவது. இவற்றுள் மூன்றாவதே இக்கட்டுரையின் பொருள் ஆகும்.

வரலாறு

இந்தியாவில் அரசு பரிசுச்சீட்டுக்கெனத் தனித் துறையை முதலில் ஏற்படுத்திய மாநிலம் கேரளம் ஆகும் (1967). அதன் முதல் குலுக்கல் 1968 சனவரி 26 அன்று நடைபெற்றது. ஒரு சீட்டின் விலை 1 ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் சி. என். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது 1968இல் அரசு பரிசுச்சீட்டு தொடங்கப்பட்டது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அதன் புகழ்பெற்ற முழக்கம். சீட்டு வாங்குவது நாட்டுக்குச் செய்யும் சிறு கொடை என்ற எண்ணத்தை இம்முழக்கம் வளர்த்தது.

பின்னர் வெளிமாநிலச் சீட்டுகளும் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. மாதம் ஒருமுறை, வாரம் ஒருமுறை என்றிருந்த குலுக்கல் நாளுக்குப் பல முறை என்றானது. சுரண்டல் லாட்டரி, ஒரு எண் லாட்டரி ஆகியவை சில நிமிடங்களில் முடிவு சொல்பவை. நாடாளுமன்றம் 1998இல் இயற்றிய பரிசுச்சீட்டு (ஒழுங்குமுறை) சட்டம் ஒற்றை எண் அடிப்படையில் பரிசு வழங்குவதைத் தடை செய்தது. பிற மாநிலச் சீட்டுகளின் விற்பனையைத் தம் எல்லைக்குள் தடை செய்யும் அதிகாரத்தையும் மாநிலங்களுக்கு அளித்தது. அரசே நடத்தினாலும் பரிசுச்சீட்டு சூதாட்டமே என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் சீட்டை விற்றுக்கொண்டே பிறர் சீட்டை ஒரு மாநிலம் தடை செய்ய இயலாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2003 சனவரியில் ஜெ. ஜெயலலிதா தலைமையிலான அரசு தமிழ்நாட்டில் அனைத்துப் பரிசுச்சீட்டுகளின் விற்பனையையும் தடை செய்தது. அத்தடை நீடிக்கிறது.

தடைக்குப் பின்: மூன்று எண் லாட்டரி

தடையினால் தெருமுனைக் கடைகள் மறைந்தன. பழக்கம் முழுவதும் மறையவில்லை. அதன் இடத்தில் "மூன்று எண் லாட்டரி" எனப்படும் சட்டவிரோதப் பந்தயம் தோன்றியது. கேரள அரசுச் சீட்டின் குலுக்கல் முடிவில் வரும் கடைசி மூன்று எண்களை முன்கூட்டிச் சொல்லிப் பணம் கட்டுவதே இம்முறை. துண்டுத்தாளிலோ கைபேசிச் செய்தியிலோ எண் பதிவாகும். அச்சிட்ட சீட்டோ, அரசின் பொறுப்போ, பரிசு கிடைக்கும் என்ற உறுதியோ இதில் இல்லை. வட மாவட்டங்களில் வழங்கும் "காட்டன்" சூதாட்டமும் இதனை ஒத்ததே. நியூயார்க் பருத்திச் சந்தை விலையின் மீது பம்பாயில் கட்டப்பட்ட பந்தயத்திலிருந்து அப்பெயர் வந்தது.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் உயிரிழந்த நிகழ்வு, மூன்று எண் லாட்டரியால் விளைந்த கடனின் கொடுமையைத் தமிழகம் முழுவதும் உணர்த்தியது.

கணக்கு

000 முதல் 999 வரை 1000 எண்கள் உள்ளன. எனவே ஒரு குலுக்கலில் ஒருவரின் எண் விழும் நிகழ்தகவு 1000இல் 1 ஆகும். எடுத்துக்காட்டாக, பந்தயத் தொகை 60 ரூபாய் என்றும் பரிசு 25,000 ரூபாய் என்றும் கொள்வோம்.

* ஒவ்வொரு 60 ரூபாய்க்கும் சராசரியாகத் திரும்பக் கிடைப்பது 25 ரூபாய் மட்டுமே.
* ஆண்டுக்கு 300 நாள் ஆடினால் செலவு 18,000 ரூபாய். அந்த ஆண்டில் ஒருமுறைகூட விழாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 74 விழுக்காடு.
* 1000 முறை ஆடினால் செலவு 60,000 ரூபாய். அப்போதும் ஒருமுறைகூட விழாமல் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு. போட்ட பணத்தை மீட்கக் குறைந்தது மூன்று முறை விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு.

"இத்தனை நாள் விழவில்லை, இனி விழுந்தே தீரும்" என்பது பரவலான நம்பிக்கை. குலுக்கலுக்கு நினைவு இல்லை. நேற்றைய தோல்வி இன்றைய வாய்ப்பைக் கூட்டுவதில்லை. அதுபோலவே 472 கட்டியவருக்கு 473 விழும்போது "ஓர் எண்ணில் தவறிவிட்டது" என்று தோன்றும். கணக்கின்படி 473 விழுவதும் 009 விழுவதும் அவருக்கு ஒரே தோல்விதான். ஆனால் நூலிழையில் தவறியதாக உணரும் மனம் மீண்டும் ஆடத் தூண்டப்படுகிறது.

வடசென்னைச் சூழல்

சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆலைகள் ஆகியவற்றைச் சார்ந்து வாழ்வோரில் பலர் நாட்கூலியோ வாரக்கூலியோ பெறுபவர்கள். விசைப்படகுத் தொழிலாளர்க்கு வருவாய் பிடிபடும் மீனின் பங்காகக் கிடைக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை.

வருவாய் நிலையற்றதாக இருக்கும்போது, சிறு தொகையைக் கட்டிப் பெருந்தொகை பெறலாம் என்னும் ஆசை வலுப்பெறுவது இயல்பு. மாதச் சம்பளக்காரர் மாத முடிவில் இழப்பைக் கூட்டிப் பார்க்க இயலும். நாள்தோறும் கையில் வரும் கூலியில் 60 ரூபாய் குறைவது உடனே தெரிவதில்லை. தொகை சிறியது என்பதாலேயே இழப்பு மறைந்து நிற்கிறது. அதை ஈடுகட்ட மீட்டர் வட்டிக்கோ கந்துவட்டிக்கோ கடன் வாங்கும்போது சிக்கல் முற்றுகிறது. அளவுக்கு மீறிய வட்டி வசூலிப்பதைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது.

அடையாளங்கள்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களுடன் சூதாட்ட அடிமைத்தனத்தையும் ஒரே வகையில் சேர்த்தது. பின்வரும் ஒன்பதில் நான்கோ அதற்கு மேலோ 12 மாத காலத்திற்குள் காணப்பட்டால் நோய் உள்ளதாகக் கொள்ளப்படும்.

1. அதே பரபரப்பைப் பெற மேலும் மேலும் கூடுதல் பணம் தேவைப்படுதல்
2. குறைக்கவோ நிறுத்தவோ முயலும்போது அமைதியின்மை, எரிச்சல்
3. நிறுத்தும் முயற்சிகள் மீண்டும் மீண்டும் தோல்வியடைதல்
4. எந்நேரமும் ஆட்டம் பற்றிய சிந்தனை
5. மனவருத்தம் ஏற்படும்போது ஆட்டத்தை நாடுதல்
6. இழந்ததை மீட்க மறுநாளே ஆடச் செல்லுதல்
7. ஆட்டத்தின் அளவை மறைக்கப் பொய் கூறுதல்
8. உறவு, வேலை, கல்வி ஆகியவற்றை இழத்தல் அல்லது இழக்கும் நிலைக்கு வருதல்
9. பணநெருக்கடியிலிருந்து மீளப் பிறரை நம்பியிருத்தல்

முதற்கட்ட அறிதலுக்கு இரண்டு கேள்விகள் போதும்: "மேலும் மேலும் பணம் கட்ட வேண்டும் என்ற உந்துதல் எப்போதாவது ஏற்பட்டதா?", "எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பது பற்றி நெருங்கியவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததா?" ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் விரிவான ஆய்வு தேவை.

மதுவைப் போல வாடையோ தள்ளாட்டமோ இதில் இல்லாததால் வீட்டார் காலந்தாழ்த்தியே அறிகின்றனர். கூலியில் கணக்குத் தெரியாத குறைவு, சொல்லாமல் அடகுக்குப் போன நகை, எண்கள் நிறைந்த துண்டுத்தாள்கள், குலுக்கல் முடிவு வரும் நேரத்தில் கைபேசியை விட்டு அகலாமை, அறிமுகமில்லாத கடன்காரர் வருகை ஆகியவை கவனிக்கத்தக்கவை.

பொறுப்புடன் ஆடுதல்

தமிழ்நாட்டில் பரிசுச்சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டுள்ளதால் இங்குப் "பொறுப்புடன் ஆடுதல்" என்பது ஆடாதிருத்தலே ஆகும். கேரளம் போன்ற இடங்களில் சட்டப்படி வாங்குவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை:

* சீட்டின் விலையைத் திரைப்பட நுழைவுச்சீட்டின் விலை போலச் செலவாகக் கொள்க, முதலீடாகக் கொள்ளற்க.
* தொகையையும் எண்ணிக்கையையும் முன்னரே வரையறுத்து, வீட்டாருக்குத் தெரிவிக்கவும்.
* கடன் வாங்கியோ, வாடகை, பள்ளிக் கட்டணம் போன்றவற்றுக்கான பணத்திலோ வாங்கக் கூடாது.
* இழந்ததை மீட்கும் நோக்கில் அடுத்த சீட்டு வாங்கக் கூடாது.
* கேரள அரசு இணையவழியில் சீட்டு விற்பதில்லை. "பரிசு விழுந்துள்ளது, முன்பணம் செலுத்துக" என்னும் செய்திகள் மோசடியே.
* பெரிய பரிசுத் தொகைக்கு 30 விழுக்காடு அடிப்படை வருமான வரி உண்டு.

இணையவழிச் சூதாட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் அவசரச் சட்டத்தாலும் 2023இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தாலும் தடை செய்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது.

உதவியும் சிகிச்சையும்

சிந்தனை-நடத்தைச் சிகிச்சை இந்நோய்க்குப் பயன்தரும் முறையாகக் கருதப்படுகிறது. உடனிருக்கும் மனச்சோர்வு, மதுப்பழக்கம் ஆகியவற்றுக்கும் சிகிச்சை தேவைப்படலாம். வடசென்னை மக்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையையோ அணுகலாம். 2022இல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையில் (14416) தமிழில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

வீட்டார் கடனை உடனே அடைத்து ஆளைக் கண்டிப்பதோடு நிறுத்திக்கொள்வது பெரும்பாலும் பயன் தருவதில்லை. கடன் தீர்ந்ததும் ஆட்டம் மீண்டும் தொடங்கக்கூடும். கடன்கள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதுதல், கூலியும் வங்கி அட்டையும் சிறிது காலம் வீட்டார் பொறுப்பில் இருத்தல், சிகிச்சையைத் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தே நடைபெற வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஆகவே பந்தயத்தில் தோற்ற தொகையை வழக்குத் தொடுத்து வசூலிக்க இயலாது. கடன் பற்றிய அச்சமும் அவமான உணர்வும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துக்கு இட்டுச் செல்லலாம். அத்தகைய பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாமல் உடனடியாக மருத்துவ உதவி பெற வேண்டும்.