நுண்கருத்துகளுக்குப் பெயரிடல்: சார்புவழி நிரலாக்கக் கலைச்சொற்களும் நன்னூலின் பெயர்ப் பாகுபாடும்

முன்னுரை

கணிதச் சார்புகளை ஒன்றோடொன்று இணைத்து நிரல் அமைக்கும் முறை சார்புவழி நிரலாக்கம் எனப்படும். இத்துறையின் கருத்துகள் பல, தனிப்பொருளைக் குறிப்பன அல்ல; வெவ்வேறு செயல்களுக்குப் பொதுவான ஒழுங்கைக் குறிப்பன. அவற்றுக்கு இடும் பெயர் எப்போது தெளிவுடையதாகும் என்பதை நன்னூலின் இடுகுறி, காரணம் என்னும் பாகுபாட்டின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

காரணம் மறைதல்

ஜான் மெக்கார்த்தி 1958இல் உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியில் பட்டியலின் முதல் உறுப்பைத் தருவது ‘கார்’. எஞ்சியதைத் தருவது ‘குடர்’. ஐபிஎம் 704 கணினியின் உள்ளமைப்புப் பகுதிகளைச் சுட்டிய சுருக்கங்களாதலின் இவை காரணப்பெயர்களே. அக்கணினி வழக்கொழிந்தபின் பயில்வோர்க்கு இவை இடுகுறிகளாயின. பின்வந்த காமன் லிஸ்ப் ‘முதலாவது’, ‘எஞ்சியது’ எனப் பொருள்படும் பெயர்களையும் உடன் வழங்குகிறது. கருவியைச் சார்ந்த காரணம் கருவியோடு மறைகிறது.

காரணம் பிறழ்தல்

பிற மொழிகளில் ‘ரிட்டர்ன்’ என்பது சார்பின் இயக்கத்தை முடித்து விடையைத் திருப்பித் தரும். ஹாஸ்கெல் மொழியிலோ அது எதையும் முடிப்பதில்லை. ஒரு மதிப்பை ‘மோனாட்’ என்னும் அமைப்புக்குரிய வடிவிற்கு உயர்த்துகிறது. அறிந்த சொல்லாயிருப்பதே இங்கு மயக்கத்திற்குக் காரணம். கணிதத்திலிருந்து வந்த ‘மோனாட்’ என்னும் பெயரோ கற்பவரைத் தயங்கச் செய்யும். ஆயின் பிழையான பொருளைத் தருவதில்லை.

பொதுவும் சிறப்பும்

ஒரு செயலின் விளைவைக் கொண்டு அடுத்த செயலைத் தீர்மானித்துத் தொடுக்கும் ஒழுங்கே மோனாட். இதனைக் ‘கொள்கலன்’ என விளக்குவாருளர். பட்டியலுக்கு அது பொருந்தும். நிலைமாற்றத்தைக் கையாளும் மோனாடோ தொடக்கநிலையை எதிர்நோக்கும் ஒரு சார்பு. அதனுள் கொள்ளப்பட்ட பொருள் ஏதுமில்லை. ‘பறவை’ காரணப்பொதுப்பெயர், ‘மரங்கொத்தி’ காரணச்சிறப்புப்பெயர். பறவையினம் முழுவதையும் மரங்கொத்தி எனல் எத்தகையதோ, மோனாட் அனைத்தையும் கொள்கலன் எனலும் அத்தகையதே. எல்ம் மொழி இத்தொடுப்புச் செயலுக்கு ‘அதன்பின்’ எனப் பொருள்படும் பெயரை இட்டிருப்பது, காரணம் எல்லா வகைக்கும் பொதுவாக அமைந்தமைக்குச் சான்றாகும்.

முடிவுரை

நுண்கருத்தின் பெயர், அதன் எல்லா வகைகளுக்கும் பொதுவான காரணத்தைத் தழுவ வேண்டும். அக்காரணம் ஒரு சொல்லில் அடங்காதவிடத்து, பிழையான காரணப்பெயரினும் இடுகுறியே நன்று. எனவே தமிழில் ‘மோனாட்’ என்பதை அவ்வாறே ஏற்று, அதன் செயல்களை ‘ஏற்றுதல்’, ‘தொடுத்தல்’ எனக் காரணம் விளங்கப் பெயரிடுதல் பொருந்தும்.