பந்தடியிலும் பாடம் உண்டு

2002இல் சிம்பாப்வேயில் தொடங்கிய ‘கிராஸ்றூட் சொக்கர்’ என்னும் அமைப்பு, உதைபந்தாட்டத்தின் மூலம் இளையோருக்கு எயிட்ஸ் பற்றிக் கற்பிக்கிறது.

தரையில் கூம்புகளை வைப்பார்கள். ஒவ்வொன்றும் எச்.ஐ.வி. தொற்றக்கூடிய ஓர் ஆபத்தைக் குறிக்கும். அவற்றில் முட்டாமல் பந்தை உருட்டிச் செல்லவேண்டும். முதலில், முட்டியவர் மட்டும் தண்டால் எடுப்பார். பின்னர் குழு முழுவதுமே எடுக்கவேண்டும். ஒருவருக்கு வரும் நோய் குடும்பத்தையும் ஊரையும் வாட்டும் என்பதைப் பிள்ளைகள் இப்படி உணர்கிறார்கள்.

வெளிநாட்டு இளைஞர்கள் பயிலுநர்களாகச் சென்று இப்பணிக்கு உதவியதுண்டு. ஆனால் பாடம் நடத்துவோர் உள்ளூர்ப் பயிற்றுநர்களே. பிள்ளைகளின் பேச்சும் வீட்டு நிலையும் அறிந்தவர்கள் அவர்கள். வந்தவர் போனபின்னும் ஊரில் இருப்பவர்களும் அவர்களே.

ஒரு பந்தும் நாலைந்து தடிகளும் இருந்தால், அழுக்குத் தண்ணீரால் வரும் நோய்களையும் இவ்வாறே விளக்கலாம்.