புராஸ்டேட் புற்று ஏன் எலும்பைத் தேடுகிறது?

சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சின்னஞ்சிறு சுரப்பி புராஸ்டேட். அதில் தோன்றும் புற்றுநோய் அங்கேயே அடங்கிக் கிடந்தால் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ பெரும்பாலும் தீர்த்துவிடும். உயிரைப் பறிப்பது அதன் இடப்பெயர்ச்சிதான். போகிற இடத்திலும் அது ஒரே பிடிவாதமாக இருக்கிறது. புராஸ்டேட் புற்று இருந்த 1,589 ஆண்களின் பிரேதப் பரிசோதனைகளை ஆராய்ந்த சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வு 2000-இல் வெளிவந்தது. இரத்தம் வழியே நோய் பரவியிருந்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அது எலும்பில் இருந்தது. நுரையீரலில் 46 சதவீதம், கல்லீரலில் 25 சதவீதம்தான்.

ஏன் எலும்பு? இடுப்புப் பகுதியிலிருந்து முதுகெலும்புக்கு வால்வு இல்லாத சிரைகளின் பின்னல் ஒன்று போகிறது என்று ஆஸ்கர் பேட்சன் 1940-இல் காட்டினார். அது வழியைச் சொல்கிறது. வந்த செல் ஏன் அங்கே தங்கிவிடுகிறது என்பதைச் சொல்லவில்லை. லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-லேயே மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, விதை எங்கும் விழலாம், ஒத்த மண்ணில்தான் முளைக்கும் என்ற கருத்தை முன்வைத்தார். அந்த மண்ணின் வேதியியலைக் கண்டறிய நூறாண்டுக்கு மேல் ஆனது.

எலும்பு மஜ்ஜையில் உள்ள செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற சிறு புரதத்தைச் சுரக்கின்றன. இரத்தச் செல்களுக்கெல்லாம் தாயான குருத்தணுக்கள் மஜ்ஜையில் வந்து சேர்வதும் தங்குவதும் இந்தப் புரதத்தால்தான். அதை உணரும் ஏற்பி சிஎக்ஸ்சிஆர்4. புராஸ்டேட் புற்றுச் செல்லும் இதே ஏற்பியைத் தன் மேற்பரப்பில் வைத்திருக்கிறது என்பதை 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரசல் டைக்மன் குழு காட்டியது. உடல் தன் குருத்தணுக்களுக்காக அனுப்பும் அழைப்பைப் புற்று ஒட்டுக் கேட்கிறது.

கேட்டதும் செல்லுக்குள் நடப்பது வியக்கத்தக்கது. அண்டைச் செல்லோடு ஒட்டவைக்கும் ஈ-கேடரின் குறைந்து, செல் ஏற்கெனவே பிடி தளர்ந்திருக்கிறது. ஏற்பி தூண்டப்பட்டதும் ராக், சிடிசி42 ஆகிய புரதங்கள் முன்பக்கம் ஆக்டின் இழைகளை வளர்த்துச் செல்சவ்வை வெளியே தள்ளுகின்றன. பின்பக்கம் ரோ என்ற புரதம் இழைகளைச் சுருக்குகிறது. முன்னே நீண்டு, பின்னே சுருங்கி, செல் நகர்கிறது. இந்த ஓட்டத்துக்குக் கடிவாளமாக இருக்கும் பிடென் மரபணு, முற்றிய புராஸ்டேட் புற்றுகளில் அடிக்கடி அழிந்துபோயிருக்கிறது.

மஜ்ஜையை அடைந்த செல்கள் குருத்தணுக்களின் இருப்பிடத்துக்கே போட்டி போடுகின்றன என்பதை அதே மிச்சிகன் ஆய்வாளர்கள் 2011-இல் எலிகளில் நிறுவினார்கள். குருத்தணு தானத்துக்காக மஜ்ஜையிலிருந்து அவற்றை வெளியேற்றப் பயன்படும் பிளெரிக்ஸாஃபர் மருந்து, சிஎக்ஸ்சிஆர்4-ஐ அடைத்து வேலை செய்கிறது. அதைக் கொடுத்தபோது, எலிகளில் ஒளிந்திருந்த புற்றுச் செல்களும் இரத்தத்துக்கு வந்தன. பிறகு என்ன நடக்கும் என்பதுதான் சிக்கல். வெளியே வந்த செல்லைக் கொல்லாமல் விட்டால், அதற்கு இன்னொரு பயணத்தை நாமே ஏற்பாடு செய்ததாகிவிடும்.

எலும்பில் காலூன்றிய புற்று எண்டோதெலின்-1 போன்ற புரதங்களைச் சுரந்து எலும்பு கட்டும் செல்களைத் தூண்டுகிறது. ரேங்க்எல் என்ற புரதத்தின் வழியாக எலும்பைக் கரைக்கும் செல்களும் விழிக்கின்றன. எலும்பு ஒழுங்கின்றித் தடிக்கிறது, ஆனால் வலுவில்லை. தீராத வலியும் எலும்பு முறிவும் இதன் விளைவு.

செல் நகர்வில் முக்கியப் பங்காற்றும் சார்க் நொதியை அடைக்கும் டசாடினிப் மருந்தை, பரவிய நோயுள்ள 1,522 ஆண்களிடம் கீமோவுடன் சேர்த்துச் சோதித்தார்கள். 2013-இல் வெளியான முடிவு ஏமாற்றம் தந்தது: மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 21.5 மாதங்கள், பெறாதவர்களுக்கு 21.2. நகர்வைத் தடுக்கும் மருந்தை, நகர்ந்து முடித்த செல்களிடம் சோதித்ததே இதற்கு ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். முந்திக்கொண்டு தடுத்தும் பார்த்திருக்கிறார்கள். எலும்புக்கு நோய் இன்னும் போகாத, ஆனால் ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத 1,432 ஆண்களில் பாதிப் பேருக்கு ரேங்க்எல்லை அடைக்கும் டெனோசுமாப் மருந்து தரப்பட்ட ஆய்வு 2012-இல் வெளிவந்தது. எலும்புப் பரவல் சுமார் 4 மாதங்கள் தள்ளிப்போனது. ஆயுள் நீளவில்லை. சிலருக்குத் தாடை எலும்பும் சிதைந்தது.

இதற்கும் முந்தைய கட்டம் ஒன்று உண்டு. சுரப்பியை அகற்றும் முன்பே பல நோயாளிகளின் மஜ்ஜையில் புற்றுச் செல்களைக் கண்டிருக்கிறார்கள். அவற்றில் பல பிரியாமல் உறங்குகின்றன. எலும்பு கட்டும் செல்கள் சுரக்கும் காஸ்6 என்ற புரதம் அந்த உறக்கத்துக்குத் துணைபோவதாக ஆய்வக முடிவுகள் சொல்கின்றன. பயணத்தை மறிப்பதைவிட, வந்து உறங்கும் செல்களை எழவிடாமல் வைப்பதோ உறக்கத்திலேயே அழிப்பதோதான் நோயாளிக்குக் கூடுதல் ஆண்டுகளைத் தரும் என்று நினைக்கிறேன். அதைச் சோதிக்க ஆயிரக்கணக்கானோரைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர வேண்டும். நிறைய பணமும் பொறுமையும் தேவைப்படும் வேலை அது. செலவிடத் தகுந்த வேலையும் அதுவே.