உரிமம் வேண்டாத வண்டியும் மலைப்பாதையும்

சவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில் வாழும் தந்தை ஒருவர் அண்மையில் ஒரு கேள்வியோடு நம்மிடம் வந்தார். பத்தாம் வகுப்பில் பயிலும் மகனுக்குப் பாட்டரி வண்டி ஒன்று வாங்க எண்ணியுள்ளார். பேருந்து குறைவு, பையன் பள்ளிக்கு நெடுந்தொலைவு நடக்கிறான். “லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா, ஐயா?” என்றார். இக்கேள்வி சமவெளியிலும் பல இல்லங்களில் எழுந்திருப்பதால், விடையைச் சற்று விரிவாகவே கூற விழைகின்றோம்.

கடைக்காரர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது பாதி உண்மையே. மின்விசையால் ஓடும் வண்டிகளில் ஒரு சிறு வகையை மட்டும், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனம் அல்ல என ஒதுக்கி வைத்துள்ளன. அச்சலுகையைப் பெற, மோட்டாரின் அரைமணி நேரத் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். பாட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவைத் தாண்டலாகாது. தக்க பிரேக்கும், முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு ஒளித்திருப்பிகளும் இருத்தல் வேண்டும். மிதித்தோட்டும் மின்சைக்கிளாயின், 25 கிலோமீட்டரை எட்டியதும், அல்லது மிதிப்பதை நிறுத்தியதும், மோட்டார் தானே ஓய்ந்துவிட வேண்டும். இவையனைத்தையும் புனேயிலுள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்று சோதித்துச் சான்றளித்திருக்க வேண்டும். கடைக்காரரின் வாய்ச்சொல் சான்றாகாது.

இவற்றுள் ஒன்று தவறினும் அது மோட்டார் வாகனமே. பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம், தலைக்கவசம் யாவும் தேவை. சொந்த உபயோக மின்வண்டிக்குரிய பச்சை நிற எண் பலகையும் வேண்டும். “சிறிய ஒயரைக் கழற்றிவிட்டால் நாற்பதில் போகும்” என்று கூறி வேகத்தடுப்பை நீக்கித் தருவோர் உண்டு. அவ்வாறு நீக்கிய கணமே சலுகை போயிற்று. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை இத்தகைய வண்டியால் குற்றம் இழைப்பின் பெற்றோரோ உரிமையாளரோ பொறுப்பேற்க நேரிடும். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அப்பிள்ளை 25 வயது வரை உரிமம் பெறவும் இயலாது. மகனுக்கு நன்மை செய்ய எண்ணிய தந்தை நீதிமன்றத்தில் நிற்பது எத்துணைத் துயரம்!

சான்று பெற்ற சிறு வண்டியே ஆயினும் கவலை முற்றும் தீர்ந்துவிடுவதில்லை. மோட்டார் வாகனம் அல்லாததால் அதற்குக் கட்டாயக் காப்பீடு இல்லை. எதிரே வரும் முதியவரை இடித்துவிட்டால் மருத்துவச் செலவு நம் வீட்டு உண்டியலிலிருந்தே போக வேண்டும். இதைக் கடையில் எவரும் சொல்வதில்லை.

இனி மலைப்பாதைக்கு வருவோம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்போம். பதினைந்து அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், 250 வாட் திறன் சிறிதும் வீணாகாமல் சக்கரத்துக்குச் சென்றாலும் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டருக்குக் குறைவாகவே ஏற முடியும். தங்கையையும் பின்னால் ஏற்றிக்கொண்டால் வேகம் மேலும் குறைந்து மோட்டாரும் சூடேறும். இது பெரிய ஆபத்தன்று; இறங்கித் தள்ளலாம். ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. 25 கிலோமீட்டரில் ஓய்வது மோட்டாரே, மலைச்சரிவு ஓய்வதில்லை. பெட்ரோல் வண்டியில் கியரைக் குறைத்தால் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். மலிவான மின்வண்டிகள் பலவற்றில் அவ்வசதி இல்லை. முழுப் பாரமும் பிரேக் மீதே விழுகிறது. விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குன்றும். ஆகவே தொடக்கத்திலேயே வேகத்தைக் குறைத்து, இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டு அழுத்தி இறங்குவதே முறை. மழைக்கு முன் பிரேக் கட்டைகளை மாற்றிவிடுதலும் நன்று.

குறுகிய மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது நாடெங்கும் உள்ள விதி. இறங்குபவரே ஓரமாக நின்று வழிவிட வேண்டும். வளைவில் இடப்புறம் விட்டு விலகலாகாது. மின்வண்டி ஓசையின்றி வருவதால், சாலையோரம் விறகு சுமந்து செல்லும் பெண்களுக்கும் ஆடுமாடுகளுக்கும் அது வருவதே தெரியாது. வளைவுதோறும் மணியை ஒலிப்பது அவர்கள்பால் நாம் காட்டும் மரியாதை. தலைக்கவசத்தைச் சட்டம் இச்சிறு வண்டிக்கு வற்புறுத்தாவிடினும், பாறை அதனை வற்புறுத்துகிறது.

இம்மலை எளிதில் மன்னிப்பதன்று. 2022 ஏப்ரல் திங்களில் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த பகுதியில், கோயிலுக்குச் சென்றவர்களை ஏற்றிய சரக்கு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து பதினொருவர் மாண்டதை இங்குள்ளோர் மறக்கவில்லை.

இவற்றையெல்லாம் கேட்ட அத்தந்தை, சம நிலமான ஊர்ச் சாலையில் மட்டும் ஓட்ட மகனை அனுமதிப்பதாகவும், மலை இறங்கும் பாதைக்கு வண்டியைத் தருவதில்லை என்றும் கூறினார். பின்பு கடைக்குச் சென்று சோதனைச் சான்றிதழின் நகலைக் கேட்டிருக்கிறார். தேடி எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறாராம். பணம் இன்னும் தந்தையின் பையில்தான் இருக்கிறது.