கம்புக்கு நடுவே காராமணி

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் ராஜகிரி அடிவாரத்துக் களஞ்சியத்தை அவசியம் பார்க்க வேண்டும். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை இது. இங்கே குவித்த தானியத்துக்கெல்லாம் உரம் மூட்டையில் வரவில்லை. அந்த மூட்டை உரத்துக்கு வேண்டிய அம்மோனியாவைக் காற்றிலிருந்து செய்யும் தொழிற்சாலையே ஜெர்மனியில் 1913-ல்தான் ஓடத் தொடங்கியது. அதுவரை இங்கே மண்ணுக்குத் தழைச்சத்து தந்தவை பெரும்பாலும் தொழுவமும் பயறு வகைகளின் வேரும்தான்.

இந்தப் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை வாய்வழக்கில் தேய்ந்து அப்படி ஆனது. மானாவாரியில் மல்லாட்டையோடு கம்பையும், கம்போடு காராமணியையும் சேர்த்து விதைப்பார்கள். மழை ஏமாற்றினாலும் ஏதாவது ஒன்று வீடு வந்து சேரும்.

பூக்கும் பருவத்தில் ஒரு காராமணிச் செடியை மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். கடுகும் மிளகுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. ரைசோபியம் பாக்டீரியா காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

யூரியாவை வயல் முழுக்க வீசினால் இந்த முடிச்சுகள் சரியாகக் கட்டுவதில்லை. மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது செடி பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வளர்க்காது. கம்பு மட்டும் மளமளவென்று உயர்ந்து பயறை நிழலில் அமுக்கிவிடும். 45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டு, வேரில் சும்மா கிடைப்பதை இழக்கிறோம்.

இயற்கை விவசாயிகளும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பயறு பிடித்த தழைச்சத்து அதே பருவத்தில் கம்புக்குப் பெரிதாகப் போய்ச் சேராது. வேரும் சருகும் மட்கிய பிறகு அடுத்த வெள்ளாமைக்குத்தான் உதவும். மல்லாட்டையை வேரோடு பிடுங்கிக் கொடியையும் விற்றுவிட்டால் நிலத்துக்கு மிஞ்சுவது கொஞ்சமே. அந்தக் கொடி மாட்டுக்குப் போய், சாணமாகி, எருக்குழியில் மட்கி, வயலுக்குத் திரும்ப வேண்டும். தொழுவுரத்தில் டன்னுக்குச் சுமார் 5 கிலோதான் தழைச்சத்து. ஏக்கருக்கு 5 டன் அடிக்கச் சொல்கிறார்கள். மாடு இல்லாத வீட்டுக்கு இது பெரிய பாரம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யூரியாவை உடனே விட முடியாதவர்கள் கம்பு வரிசையின் ஓரத்தில் மட்டும் வைத்து மண்ணைத் தள்ளி மூடுங்கள். பயறு விதையில் ரைசோபியம் கலந்து விதையுங்கள். பக்கத்திலேயே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஆலோசனை கேளுங்கள். மல்லாட்டைக் கொடியை மட்டும் வெளியே விற்காதீர்கள்.