சுவர்களும் வானலைகளும்

தெருவில் நின்று பேசும்பொழுது தெளிவாகக் கேட்கும் குரல், வீட்டின் உள்ளறைக்குள் நுழைந்ததும் தேய்ந்து மறைந்துவிடுகிறது. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நம்மவர் பலர் இதை நன்கு அறிவர். ஊரிலுள்ள தாய் தந்தையரோடு நான்கு வார்த்தை பேச மொட்டைமாடிக்கு ஏற வேண்டியிருக்கிறது. கைபேசிக் கோபுரம் தொலைவில் இருப்பதே காரணம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் கோபுரம் அடுத்த தெருவிலேயே இருந்தாலும் இந்நிலை ஏற்படக்கூடும். இதன் காரணம் யாது?

வானொலி அலையும் கைபேசி அலையும் ஒளியைப் போன்ற மின்காந்த அலைகளே. யாவும் விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்வன. வேறுபடுவது அவற்றின் நீளம். 1,000 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் மத்திய அலையின் நீளம் 300 மீட்டர். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலைக்கு அது 3 மீட்டர். 900 மெகாஹெர்ட்ஸ் கைபேசி அலைக்கு 33 சென்டிமீட்டர்; 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 9 சென்டிமீட்டருக்கும் குறைவு.

1836ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே என்னும் ஆங்கிலேய அறிஞர் உலோகத்தால் போர்த்திய பெரியதோர் கூண்டைச் செய்தார். அதன் வெளிப்புறத்தில் வலிமையான மின்னேற்றம் இருந்தும் உள்ளே அதன் விளைவு சிறிதும் தென்படவில்லை. இன்றைய கான்கிரீட் கட்டடமும் ஒருவகையில் இத்தகைய கூண்டே. அதன் தூண்களிலும் தளங்களிலும் இரும்புக் கம்பிகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. முந்நூறு மீட்டர் நீளமுள்ள அலைக்குச் சன்னலும் மிகச் சிறிய துளையே. ஆகவேதான் மத்திய அலை, ஓட்டு வீட்டில் தெளிவாகவும் கான்கிரீட் அறையில் மங்கலாகவும் கேட்கிறது.

கைபேசி அலையோ குறுகியது. சன்னல் வழியே எளிதில் புகும். ஆயினும் கான்கிரீட்டை ஊடுருவும்பொழுது பெரிதும் வலுவிழக்கிறது. பொறியாளர் கையாளும் கணக்கின்படி, 1,800 மெகாஹெர்ட்ஸ் அலை ஒரு கான்கிரீட் சுவரைக் கடக்கையில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். 3,500 மெகாஹெர்ட்ஸ் அலையில் எண்பதில் ஒரு பங்கே மிஞ்சும். சாதாரணக் கண்ணாடி, 1,800 மெகாஹெர்ட்ஸ் அலையில் பாதிக்கு மேல் உள்ளே விடும். ஆனால் வெயிலின் வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சிட்ட கண்ணாடி, இருநூறில் ஒரு பங்கைத்தான் விடும். ஒளி தாராளமாக நுழையும் கண்ணாடி மாளிகையில் குரல் நுழையாமற்போவது இதனாலேயே. நாற்புறமும் உலோகத்தால் ஆன மின்தூக்கிக்குள் பேச்சு அறுந்துபோவதும் வியப்பன்று.

அலை மெலிந்தால் கைபேசி தன் ஆற்றலைக் கூட்டிக் கோபுரத்தை எட்ட முயலும். அதனால் மின்கலம் விரைவில் தீர்ந்துபோகும், கருவியும் சூடேறும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. கோபுரம் உள்ள திசையை நோக்கிய சன்னலருகே நின்று பேசுதல் முதல் வழி. வீட்டில் இணைய இணைப்பு இருப்பின், வைஃபை வழியே அழைக்கும் வசதியைக் கைபேசியில் இயக்கிக்கொள்ளலாம். மத்திய அலை கேட்போர் வானொலிப் பெட்டியைச் சன்னலோரம் வைத்து, ஒலி தெளிவாகும் திசைக்கு மெல்லத் திருப்புக, மின்னேற்றிகளும் எல்.இ.டி. விளக்குகளும் அதனருகே வேண்டா. கடைகளில் கிடைக்கும் அலைபெருக்கிக் கருவியை அனுமதியின்றிப் பொருத்துவது சட்டத்திற்கு மாறானது. அக்கம்பக்கத்தாரின் தொடர்பையும் அது குலைக்கும்.

நள்ளிரவில் முதியவர் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால், 112 என்ற எண்ணை அழைக்க அலை கிட்டும் இடத்தைத் தேடி அலைய நேரமிராது. எனவே வீட்டில் எவ்விடத்தில் அலை நன்கு கிட்டுகிறது என்பதை இன்றே ஆராய்ந்து, குழந்தைகள் உட்பட அனைவருக்கும் சொல்லி வைத்தல் நலம். கட்டடங்களை அவற்றின் தொலைத்தொடர்பு வசதிக்கேற்பத் தரமிடும் விதிமுறைகளை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்டது. புதிய ஊரில் வீடு பார்க்கச் செல்வோர், தண்ணீர் வருமா என்று வினவுவது போலவே, உள்ளறையில் நின்று ஒருமுறை ஊருக்குப் பேசிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பாராக.