காரின் ரேடாரும் கரும்பு வண்டியும்

சென்ற மார்கழியில் விடுமுறைக்குச் சித்தூர் போயிருந்தேன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று நான் வளர்ந்த ஊர். ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அக்கா மகன் தன் புதுக் காரில் எங்களைத் திருப்பதிக்கு அழைத்துப் போனான். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரேடார் வைத்த கார். "கால் வைக்கவே வேண்டாம், பாருங்க மாமா" என்று பெருமையோடு காட்டினான். முன்னே ஒரு பேருந்து. அதன் பின்னால் எங்கள் கார் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று பேருந்து வலப்பக்கம் ஒதுங்கியது. அதற்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று விளக்கில்லாமல் நின்றுகொண்டிருந்தது! கார் எச்சரிக்கவில்லை. வழி கிடைத்துவிட்டது என்று வேகத்தைக் கூட்டவே பார்த்தது. நல்லவேளை, அவன் கால் சட்டென்று பிரேக்கை மிதித்தது. பின் இருக்கையிலிருந்து அக்காவின் "கோவிந்தா, கோவிந்தா" வெகுநேரம் ஓயவில்லை.

"பேருந்தைப் பார்த்த ரேடாருக்கு இவ்வளவு பெரிய டிராக்டர் தெரியலையா மாமா?" என்று கேட்டான். ரேடியோ அலைகளோடு பிழைப்பு நடத்துபவன் நான். அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பாகாலா சந்திப்பில் நின்று ரயிலின் ஊதலைக் கேட்டவர்களுக்கு டாப்ளர் விளைவு புதிதல்ல. நெருங்கி வரும்போது ஊதலின் சுருதி கூடும்; கடந்து போனதும் இறங்கும். 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் இதை விளக்கினார். ரேடார் அனுப்பும் அலையும் அப்படித்தான். நகரும் பொருளில் பட்டுத் திரும்பும்போது அதன் சுருதி மாறியிருக்கும். அந்த மாற்றத்தைக் கொண்டு வேகத்தைக் கணக்கிடலாம்.

சிக்கல் எங்கே என்றால், காரும் ஓடுகிறது. எங்கள் கார் மணிக்கு 72 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போனது. அப்போது நிற்கும் டிராக்டர், மைல்கல், புளியமரம், பாலம், தலைக்கு மேலுள்ள பெயர்ப்பலகை எல்லாமே ரேடாருக்கு நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எதிரே வருபவைதான். ஓடும் பேருந்து மட்டும் தனியாகத் தெரியும். ஒவ்வொரு பாலத்துக்கும் பலகைக்கும் பிரேக் போட்டால் யாரும் அந்தக் காரை ஓட்டமாட்டார்கள். அதனால் பல கார்களில், நிற்கும் பொருளென்றால் அவ்வளவாகப் பொருட்படுத்த வேண்டாம் என்று கணினிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். டிராக்டர் தெரியாமல் போகவில்லை. தெரிந்தும் மரத்தோடு மரமாக ஒதுக்கப்பட்டது.

பேசிக்கொண்டே காதங்கியை நெருங்கினோம். இங்கே சாலையருகே தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இருப்பது பலருக்குத் தெரியாது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில், 32 வரிசைக்கு 32 வீதம் 1024 ஆண்டெனாக்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. 1990களின் தொடக்கத்திலிருந்து மேலே வீசும் காற்றை அளந்துவரும் ரேடார் இது. சுற்றியுள்ள மலைகளில் பட்டு வரும் எதிரொலியை நீக்கித்தான் காற்றின் மெல்லிய எதிரொலியை இங்கே பிரித்தெடுக்கிறார்கள். நகராததை ஒதுக்குவது இங்கே நன்மை. சாலையில் அதுவே ஆபத்து.

காதங்கி ரேடாரின் அலைவரிசை 53 மெகாஹெர்ட்ஸ். ஓர் அலையின் நீளம் ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேல். கார் ரேடாருக்கு 77 கிகாஹெர்ட்ஸ். அலை நீளம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அலை சிறுத்தால் ஆண்டெனாவும் சிறுக்கலாம். காதங்கியில் ஒரு மைதானம் செய்யும் வேலையைக் காரில் 9 சென்டிமீட்டர் பெட்டி செய்துவிடும். இரண்டின் பார்வைக் கூர்மையும் ஏறக்குறைய இரண்டரை டிகிரிதான்.

வானத்துக்கு அது போதும், சாலைக்குப் போதாது. 100 மீட்டர் தூரத்தில் இரண்டரை டிகிரி என்பது நான்கு மீட்டருக்கு மேல். ஒரு வண்டித் தடமோ சுமார் மூன்றரை மீட்டர். நிற்கும் பொருள் நம் தடத்தில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது?

இதைத் திருத்தத்தான் இப்போது முயற்சிகள் நடக்கின்றன. முதலாவது, அனுப்பும் ஆண்டெனாக்களையும் பெறும் ஆண்டெனாக்களையும் கணக்கில் பெருக்குவது. மூன்று அனுப்பி நான்கு பெற்றால், பன்னிரண்டு இருப்பதைப் போன்ற பயன் கிடைக்கும். 12 அனுப்பி 16 பெற்றால் 192. சிலவற்றை மேலும் கீழுமாக வைத்தால் உயரமும் தெரியும். பாலம் எது, டிராக்டர் எது என்று பிரிக்கலாம்.

இரண்டாவது, சற்று அதிக நேரம் கேட்பது. ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கேட்டாலே, நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேக வித்தியாசம் கூடத் தெரியும். சாலையைக் குறுக்கே கடப்பவர் ரேடாரை நோக்கி வருவதில்லை. அதனால் நிற்பவரைப் போலவே தோன்றுவார். ஆனால் அவருடைய கையும் காலும் முன்னும் பின்னும் வீசுகின்றன. அந்தச் சிறு அசைவுகளைக் கொண்டு மனிதர் என்று அடையாளம் காணலாம். மூன்றாவது, கேமராவையும் ரேடாரையும் சேர்த்து முடிவெடுக்க வைப்பது.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ரேடார் பெரும்பாலும் முன்பக்கச் சின்னத்தின் பின்னாலோ பம்பருக்குள்ளோ இருக்கும். பூஜை போட்டு அங்கே ஈர மாலையும் வாழைக்கன்றும் கட்டினால் அதன் கண்ணைக் கட்டியதாகிவிடும். தண்ணீர் இந்த அலைகளை விழுங்கக்கூடியது. சேற்றைத் துடைத்துவிடுங்கள். பம்பரைக் கழற்றி மாட்டினால் ரேடாரின் நேர்மையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு டிகிரி விலகினால் 100 மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர் தவறிவிடும்.

சந்திரகிரியைத் தாண்டும்போது, மஞ்சள் உடுத்திய பாத யாத்திரைக்காரர்கள் சாலையோரம் நடந்துகொண்டிருந்தார்கள். சில தோள்களில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. மருமகன் ஒன்றும் பேசாமல் அந்த வசதியை நிறுத்திவிட்டு, காலைப் பிரேக்கின் மேல் வைத்து மெதுவாக ஓட்டினான். வெளிநாட்டில் நல்ல சாலைகளில் ஓட்டிப் பழகி, ஊருக்குப் போய்ச் சாவியை வாங்கும் நமக்கும் அதுவே நல்லது.